ஆகாயத்தின் ஆங்கிலம் யாருடையது?

1989 பிப்ரவரி 19 காலை. கோலாலம்பூருக்கு அருகிலுள்ள சுபாங் விமான நிலையத்தை நோக்கி ஒரு போயிங் 747 சரக்கு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த அது, ஃப்ளையிங் டைகர் என்ற அமெரிக்க நிறுவனத்துக்குச் சொந்தமானது. விமானிகள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். தரையில் இருந்த மலேசியக் கட்டுப்பாட்டாளர் விமானத்தை 2,400 அடிக்கு இறங்கச் சொல்ல நினைத்தார். ரேடியோவில் அவர் சொன்னது, 'டிசெண்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ'. ஆங்கிலத்தில் இரண்டு என்ற எண்ணுக்கும், 'வரை' என்ற பொருள்தரும் இடைச்சொல்லுக்கும் ஓசை ஒன்றே. விமானிகளின் காதில் அது '400 அடிக்கு இறங்கு' என்று விழுந்தது. 'ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ' என்று பதில் போனது. அந்தப் பதிலில் ஓர் எண் குறைந்திருப்பதைக் கட்டுப்பாட்டாளர் கவனிக்கவில்லை. தரை நெருங்குகிறது என்று எச்சரிக்கைக் கருவி ஒலித்தும் விமானிகள் மேலே ஏறவில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 437 அடி உயரத்தில் ஒரு குன்றில் விமானம் மோதியது. உள்ளே இருந்த நால்வரும் இறந்தனர்.

பன்னாட்டுப் பொதுமொழியாக ஆங்கிலம் என்று பேச்செடுத்தால், பிழை எப்போதும் அதைப் பின்னாளில் கற்றவர் பக்கமே இருக்கும் என்று எண்ணுவது நம் வழக்கம். சுபாங் விபத்து அந்த எண்ணத்தைக் கலைக்கிறது. தாய்மொழி ஆங்கிலம் அந்த விமானிகளைக் காப்பாற்றவில்லை. எண்ணைச் சொல்வதற்கு என்று வகுத்த முறையைக் கட்டுப்பாட்டாளர் கடைப்பிடித்திருந்தால், தவறாகத் திரும்பி வந்த பதிலைத் திருத்தியிருந்தால் அவர்கள் பிழைத்திருக்கலாம். ஒரு மொழியை உலகமே பகிர்ந்துகொள்வது எப்படி என்ற கேள்விக்கு, மற்ற எந்தத் துறையையும்விடத் தெளிவான விடையை வான்போக்குவரத்து வைத்திருக்கிறது. அந்த விடையை அது உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்றது. பொதுமொழி ஒரு சாராரின் சொத்தாகவும் மற்றவர்களின் கடனாகவும் இருக்கும்வரை அதில் ஆபத்து உண்டு. பேசும் எல்லோரும் ஒரே விதிக்குக் கட்டுப்படும் ஒப்பந்தமாக அது மாறினால்தான் பயன் முழுமையாகக் கிடைக்கும்.

விதி சொல்வது என்ன?

உலகெங்கும் விமானிகள் ஆங்கிலத்தில் மட்டுமே பேச வேண்டும் என்பது பரவலான நம்பிக்கை. விதி அப்படி இல்லை. இரண்டாம் உலகப் போர் முடியுமுன்பே, 1944 டிசம்பர் 7 அன்று, சிகாகோவில் 52 நாடுகள் பன்னாட்டுக் குடிசார் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதிலிருந்து பிறந்த ஐ.சி.ஏ.ஓ. என்ற அமைப்பு 1947இல் மாண்ட்ரியால் நகரில் முறைப்படி இயங்கத் தொடங்கியது. வானொலித் தொடர்பு பற்றிய அதன் விதி இதுதான்: தரை நிலையம் வழக்கமாகப் பயன்படுத்தும் மொழியில் பேசலாம், அல்லது ஆங்கிலத்தில் பேசலாம், பன்னாட்டு விமானங்கள் வந்துபோகும் இடங்களில் எந்த விமானி கேட்டாலும் ஆங்கிலத்தில் சேவை கிடைக்க வேண்டும்.

ஆக, ஆங்கிலத்தை இந்த விதி ஆட்சி மொழியாக வைக்கவில்லை. வேறு பொதுமொழி இல்லாத இருவருக்கு இடையே கட்டாயம் கிடைத்தாக வேண்டிய மொழியாக வைத்தது. பாரிஸில் பிரெஞ்சு விமானியும் பிரெஞ்சுக் கட்டுப்பாட்டாளரும் பிரெஞ்சில் பேசுவது இன்றும் விதிக்கு உட்பட்டதே. ஸ்பானிய மொழி வழங்கும் லத்தீன் அமெரிக்க நாடுகளிலும் இதே நிலை.

ஆங்கிலம் ஏன் அந்த இடத்துக்கு வந்தது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. போர் முடிந்தபோது பெரிய விமானங்களைக் கட்டும் தொழிற்சாலைகள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இருந்தன. ஜெர்மனியும் ஜப்பானும் தோற்றிருந்தன. சோவியத் ஒன்றியம் ஐ.சி.ஏ.ஓ.வில் சேர்ந்ததே 1970இல்தான். கையேடு, கருவி, பயிற்சி எல்லாம் ஆங்கிலத்தில் வந்தன. பேச்சும் அதன் பின்னால் வந்தது. மொழியின் இலக்கண எளிமையோ சொல்வளமோ இதற்குக் காரணமாக இருந்ததில்லை. பார்க்கப்போனால், எழுத்துக்கும் ஒலிப்புக்கும் சரிவரப் பொருந்தாத, ஒரே ஓசையில் பல சொற்களை வைத்திருக்கிற ஆங்கிலம், இரைச்சல் மிகுந்த வானொலிக்கு அவ்வளவு ஏற்ற மொழியும் இல்லை. அதனால்தான் அதைச் செதுக்க வேண்டியிருந்தது.

செதுக்கிய மொழி

முதலில் எழுத்துகள். பி, டி, ஈ, ஜி என்று ஒன்றுபோல் ஒலிக்கும் ஆங்கில எழுத்துகளை வானொலியில் பிரித்தறிவது கடினம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு முழுச் சொல்லை வைக்கும் பழக்கம் முன்பே இருந்தது. ஆனால் அந்தச் சொற்கள் ஆங்கிலேயரின் காதுக்கும் நாவுக்கும் ஏற்றவையாக இருந்தன. மாண்ட்ரியால் பல்கலைக்கழக மொழியியலாளர் ஜான்-போல் வினே போன்றோரின் உதவியோடு, ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் பேசுவோரை வைத்துச் சோதித்து ஒரு புதிய பட்டியலை ஐ.சி.ஏ.ஓ. உருவாக்கியது. ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா என்று தொடங்கும் அந்தப் பட்டியல் 1956 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆல்ஃபா, ஜூலியட் என்ற இரு சொற்களின் எழுத்துக்கூட்டலை ஆங்கில வழக்கிலிருந்து வேண்டுமென்றே மாற்றினார்கள். ஆங்கிலம் அறியாதவர் ஆல்ஃபாவைத் தவறாக வாசித்துவிடக் கூடாது. ஜூலியட்டின் கடைசி எழுத்தைப் பிரெஞ்சுக்காரர் ஒலிக்காமல் விட்டுவிடக் கூடாது. ஆங்கிலத்தை ஆங்கிலேயர் அல்லாதவருக்காகத் திருத்திய ஆரம்பகால முயற்சிகளில் இது ஒன்று.

எண்களுக்கும் அதே சிகிச்சை நடந்தது. மூன்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் ஒலி உலகில் பலருடைய நாவுக்கு வராது. ஆகவே 'ட்ரீ' என்று ஒலிக்கலாம் என்றது விதி. ஆயிரத்துக்கு 'டௌசண்ட்'. நான்கு 'ஃபோவர்' என்று நீண்டது. ஐந்தும் ஒன்பதும் குழம்பாதிருக்க 'ஃபைஃப்', 'நைனர்' என்று ஆயின. பள்ளியில் இப்படி ஒலித்தால் ஆசிரியர் திருத்தியிருப்பார். வானில் இதுவே சரியான உச்சரிப்பு. லண்டனில் பிறந்தவரும் இப்படித்தான் சொல்ல வேண்டும்.

சொற்களின் பொருளும் கறாராக வரையறை பெற்றது. 'ரோஜர்' என்றால் 'நீங்கள் கடைசியாகச் சொன்னது முழுவதும் எனக்குக் கிடைத்தது' என்று பொருள். 'ஆமாம்' என்றோ 'செய்கிறேன்' என்றோ பொருள் இல்லை. செய்வதாக ஒப்புக்கொள்ள 'வில்கோ', முடியாது என்பதற்கு 'அனேபிள்', மறுபடி சொல்லக் கேட்க 'சே அகெய்ன்'. எல்லாவற்றுக்கும் மேலாக, முக்கியமான கட்டளை எதையும் கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் அதைக் காது கொடுத்துக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். 'புரிந்ததா?' என்று கேட்டு 'புரிந்தது' என்ற பதிலோடு திருப்தியடையும் வழக்கத்துக்கு இங்கே இடமில்லை.

விபத்துகள் எழுதிய விதிகள்

இத்தனை செதுக்கியும் இடைவெளிகள் இருந்தன. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரிஃப் தீவின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஒரே ஓடுபாதையில் நின்றன. பக்கத்துத் தீவு நிலையத்தில் வெடித்த குண்டினால் அவை இங்கே திருப்பிவிடப்பட்டிருந்தன. ஒன்று டச்சு நிறுவனமான கே.எல்.எம்.; மற்றொன்று அமெரிக்காவின் பான் ஆம். மூடுபனியில் கோபுரத்துக்கு விமானங்கள் தெரியவில்லை; விமானங்கள் ஒன்றையொன்று பார்க்கவும் முடியவில்லை. ஒருவரையொருவர் அறிய அவர்களுக்கு இருந்த ஒரே வழி பேச்சு.

கட்டுப்பாட்டாளர் கே.எல்.எம். விமானத்துக்குச் சொன்னது, கிளம்பிய பிறகு எந்த வழியில் பறக்க வேண்டும் என்பதற்கான அனுமதி. கிளம்புவதற்கான அனுமதி இல்லை. ஆனால் அதிலும் 'டேக்ஆஃப்' என்ற சொல் இருந்தது. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, 'வீ ஆர் நௌ அட் டேக்ஆஃப்' என்று சேர்த்தார். விமானம் அப்போதே ஓடத் தொடங்கியிருந்தது. 'கிளம்பிக்கொண்டிருக்கிறோம்' என்ற டச்சு மொழி அமைப்பு அவருடைய ஆங்கிலத்துக்குள் புகுந்துவிட்டது என்பது பலர் சொல்லும் விளக்கம். ஸ்பானியக் கட்டுப்பாட்டாளரோ, 'கிளம்பும் இடத்தில் தயாராக நிற்கிறோம்' என்று எடுத்துக்கொண்டு 'ஓகே' என்றார். ஒரு கணம் விட்டு, 'காத்திருங்கள், நான் அழைக்கிறேன்' என்றார். அதே கணத்தில் பான் ஆம் விமானியும், 'நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்' என்று பேசினார். ஒரே அலைவரிசையில் இரண்டு பேச்சுகள் மோதி, கே.எல்.எம். அறையில் கீச்சென்ற ஒலியாகக் கேட்டன. 583 பேர் இறந்தனர். விமான வரலாற்றின் மிகக் கொடிய விபத்து இன்றளவும் இதுவே.

இதன்பின், கிளம்பும் அனுமதியைத் தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறெங்கும் 'டேக்ஆஃப்' என்ற சொல்லை உச்சரிக்கக் கூடாது என்று விதி வந்தது. மற்ற இடங்களில் 'டிபார்ச்சர்'.

1990 ஜனவரி 25 அன்று நடந்தது வேறு வகை. கொலம்பியாவின் அவியாங்கா நிறுவனத்தின் போயிங் 707, நியூயார்க்கில் இறங்க முடியாமல் வானில் மொத்தம் ஒரு மணி 17 நிமிடம் காத்திருக்க வைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. அவசரநிலை என்று சொல்லும்படி தலைமை விமானி ஸ்பானிய மொழியில் துணை விமானியிடம் சொன்னார். துணை விமானி கட்டுப்பாட்டாளரிடம் சொன்னது, 'எங்களுக்கு எரிபொருள் தீர்ந்துவருகிறது'. 'முன்னுரிமை' என்ற சொல்லையும் பயன்படுத்தினார்கள். 'எமர்ஜென்சி' என்ற சொல்லோ 'மேடே' என்ற அழைப்போ கடைசிவரை வரவில்லை. பரபரப்பான நியூயார்க் வான்வெளியில் எல்லா விமானத்துக்கும் எரிபொருள் குறைந்துகொண்டுதான் இருக்கும். சொல்லியாகிவிட்டது என்று விமானி அறையில் நினைத்தார்கள். அப்படி எதையும் கேட்கவில்லை என்று தரையில் நினைத்தார்கள். லாங் ஐலண்டில் விமானம் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தனர். தொட்டியில் எரிய எண்ணெய் இல்லாததால் தீப்பிடிக்கவில்லை. பிற்பாடு 'மினிமம் ஃப்யூல்', 'மேடே ஃப்யூல்' என்ற இரு சொற்றொடர்களைப் பொருள் வரையறுத்து விதியில் சேர்த்தார்கள்.

இந்த விபத்தில் துணை விமானியின் ஆங்கில இலக்கணத்தில் பெரிய பிழை ஏதும் இல்லை. குறை, எந்தச் சொல்லுக்கு என்ன எடை என்பதில் இரு தரப்புக்கும் உடன்பாடு இல்லாததில் இருந்தது. கட்டுப்பாட்டாளரும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: 'இன்னும் எத்தனை நிமிடத்துக்கு எரிபொருள் இருக்கிறது?'

சர்க்கி தாத்ரி

மொழிக் கொள்கையில் பெரிய திருப்பம் இந்தியாவில் நடந்த விபத்தால் வந்தது. 1996 நவம்பர் 12 மாலை, டெல்லியிலிருந்து சவூதி அரேபிய நிறுவனத்தின் போயிங் 747 கிளம்பியது. கஜகஸ்தானின் ஷிம்கென்ட் நகரிலிருந்து வந்த இல்யூஷின் 76 டெல்லியில் இறங்க வந்தது. ஒரே வழித்தடம், எதிரெதிர்த் திசை. சவூதி விமானத்துக்கு 14,000 அடி வரை ஏற அனுமதி. கஜக் விமானத்துக்கு 15,000 அடி வரை இறங்க அனுமதி. இடையே 1,000 அடி. கஜக் விமானம் அந்த எல்லையைத் தாண்டி இறங்கியது. அரியானாவின் சர்க்கி தாத்ரி ஊருக்கு மேலே இரண்டும் மோதின. இரண்டிலும் இருந்த 349 பேரும் இறந்தனர். நடுவானில் இரு விமானங்கள் மோதிய விபத்துகளில் இவ்வளவு உயிர்களைக் கொண்டுபோனது வேறில்லை.

நீதிபதி ஆர்.சி. லகோதி தலைமையிலான விசாரணை ஆணையம் கஜக் விமானத்தின் அறைக்குள் நடந்ததை நுணுக்கமாகப் பார்த்தது. சோவியத் முறைப்படி, தரையோடு பேசும் வேலை ரேடியோ இயக்குநர் என்ற தனி ஆளுடையது. விமானத்தை ஓட்டியவர்கள் வேறு. ரேடியோ இயக்குநரின் முன்னால் உயரமானி கிடையாது. விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்துத்தான் உயரத்தை அறிய வேண்டும். ஆங்கிலத்தில் வரும் கட்டளை ஒருவர் காது வழியாக மற்றவர் கைக்குப் போக வேண்டியிருந்தது. எதிரே வரும் விமானத்தைப் பற்றிய எச்சரிக்கையில் இருந்த எண்ணைத் தங்களுக்கான உயரம் என்று குழம்பியிருக்கக்கூடும். அந்த விமானக் குழுவின் ஆங்கில அறிவு போதாததை ஆணையம் முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சுட்டியது. டெல்லியில் அப்போது வந்துபோக ஒரே வழித்தடம் இருந்ததும் உயரத்தைக் காட்டாத பழைய ரேடாரும் அந்தச் சூழலின் பகுதிகள். பிறகு இவை மாறின. மோதல் தவிர்ப்புக் கருவி இந்திய வான்வெளியில் கட்டாயமானது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1998இல், ஐ.சி.ஏ.ஓ. பேரவை மொழித்திறனை வலுப்படுத்தும்படி தீர்மானம் போட்டது. 2003 மார்ச்சில் புதிய விதிகள் ஏற்கப்பட்டன. 2008 மார்ச் 5 முதல் அவை நடப்புக்கு வந்தன. பல நாடுகள் தயாராகாததால் 2011 வரை அவகாசம் கிடைத்தது.

தேர்வு எதை அளக்கிறது?

இந்த விதிகளின் உள்ளடக்கத்தை ஆங்கில ஆசிரியர் ஒவ்வொருவரும் ஒருமுறை படிக்கலாம். விமானியும் கட்டுப்பாட்டாளரும் ஆறு கூறுகளில் அளக்கப்படுகிறார்கள்: உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், சரளம், புரிதல், உரையாடல். ஒவ்வொன்றிலும் ஆறு நிலைகள். ஆறு கூறுகளில் எது மிகக் குறைவோ அதுவே ஒருவரின் இறுதி நிலை; சரளமாகப் பேசிவிட்டுப் புரிதலில் தவறினால் சரளம் கைகொடுக்காது. பன்னாட்டு வழித்தடத்தில் பறக்க நான்காம் நிலை வேண்டும். அதைப் பெற்றவர் மூன்றாண்டுக்கு ஒருமுறையும், ஐந்தாம் நிலைக்காரர் ஆறாண்டுக்கு ஒருமுறையும் மீண்டும் தேர்வெழுதப் பரிந்துரை உண்டு. ஆறாம் நிலைக்கு மறுதேர்வு இல்லை.

நான்காம் நிலைக்காரரின் உச்சரிப்பில் தாய்மொழிச் சாயல் இருக்கலாம். அது எப்போதாவதுதான் புரிதலுக்குத் தடையாக வேண்டும். இலக்கணப் பிழை வரலாம். அது பொருளை அரிதாகவே கெடுக்க வேண்டும். சொல் தெரியாவிட்டால் வேறு சொற்களால் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். குழப்பம் வந்ததாகத் தோன்றினால் கேட்டு, சரிபார்த்து, தெளிவுபடுத்திக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். உச்சமான ஆறாம் நிலையிலும்கூடத் தாய்மொழியின் அல்லது வட்டாரத்தின் சாயல் உச்சரிப்பில் இருக்கலாம் என்று விதி சொல்கிறது. வெள்ளைக்காரர்போல் பேசுவது எந்த நிலையிலும் நிபந்தனையாக இல்லை.

குறைகளும் உண்டு. தேர்வை நடத்துவது அந்தந்த நாடு. எல்லா நாடுகளிலும் தரம் ஒன்றுபோல் இல்லை. ஆறாம் நிலையை முறையான தேர்வு இல்லாமல், பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரின் கணிப்பை வைத்தும் வழங்கலாம் என்பதால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்குச் சலுகை கிடைத்துவிடுகிறது. சுபாங் விபத்தை நினைத்தால் இந்தச் சலுகை நியாயமாகப் படவில்லை. தாய்மொழியாக அதைப் பேசுவோர் பேச்சின் வேகத்தைக் குறைக்கவும், மரபுத்தொடர்களைத் தவிர்க்கவும், வகுத்த சொற்றொடரை விட்டு விலகாமல் இருக்கவும் கடமைப்பட்டவர்கள் என்று ஐ.சி.ஏ.ஓ.வின் கையேடு வலியுறுத்துகிறது. ஆனால் கடமையை வலியுறுத்துவதும் தேர்வில் அளப்பதும் ஒன்றாகிவிடாது.

இதில் நம்பிக்கை தரும் ஒரு நிகழ்வு உண்டு. ஓடுபாதையில் ஏறி நின்று அனுமதிக்குக் காத்திரு என்பதற்கு அமெரிக்காவில் நெடுங்காலமாக 'பொசிஷன் அண்ட் ஹோல்ட்' என்றார்கள். உலகின் மற்ற பகுதிகளில் 'லைன் அப் அண்ட் வெயிட்'. வெளிநாட்டு விமானிகளுக்கு அமெரிக்க வழக்கு குழப்பம் தந்தது. 2010 செப்டம்பர் 30 முதல் அமெரிக்கா தன் வழக்கைக் கைவிட்டு உலக வழக்குக்கு மாறியது. ஆங்கிலம் பேசும் மிகப் பெரிய நாடு, ஆங்கிலச் சொற்றொடர் ஒன்றை மற்றவர்களுக்காக மாற்றிக்கொண்டது.

உள்ளூர் மொழிக்கு இடம் உண்டா?

ஒரே மொழி போதும் என்போருக்கு வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. ஒரே அலைவரிசையில் பிறர் பேசுவதைக் கேட்டுத்தான் விமானி தன்னைச் சுற்றி யார் எங்கே இருக்கிறார் என்று மனத்தில் வரைந்துகொள்கிறார். 1976 செப்டம்பர் 10 அன்று சாக்ரெப் நகருக்கு மேலே பிரிட்டிஷ் ட்ரைடென்ட் விமானமும் யூகோஸ்லாவிய டி.சி. 9 விமானமும் மோதி 176 பேர் இறந்தபோது, கடைசிக் கணங்களில் கட்டுப்பாட்டாளர் யூகோஸ்லாவிய விமானியிடம் அவர்களுடைய மொழியில் பேசியிருந்தார். பிரிட்டிஷ் விமானிகளுக்கு அது புரிந்திருக்காது. 2000 மே 25 அன்று பாரிஸ் சார்ல் டி கோல் நிலையத்தில், பிரெஞ்சு விமானமொன்றுக்குக் கிளம்பும் அனுமதி பிரெஞ்சிலும், அதே ஓடுபாதையில் நடுவழியில் நுழைந்த பிரிட்டிஷ் சரக்கு விமானத்துக்குக் கட்டளை ஆங்கிலத்திலும் போயின. இரண்டும் மோதின, சரக்கு விமானத்தின் விமானிகளில் ஒருவர் இறந்தார்.

ஆனாலும் மறுபக்கம் உண்டு. 1976 ஜூனில் கனடாவின் விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும், கியூபெக் மாநிலத்தில் பிரெஞ்சு மொழியை வான்போக்குவரத்தில் அனுமதிப்பது ஆபத்து என்று வேலையை நிறுத்தினார்கள். நாடே மொழிவாரியாகப் பிளந்து நின்றது. அரசு அமைத்த விசாரணை ஆணையம் மூன்றாண்டு ஆராய்ந்து, முறையான பயிற்சியும் சொற்றொடர்களும் இருந்தால் இருமொழி முறையால் பாதுகாப்புக்குக் கேடில்லை என்று 1979இல் ஒருமனதாக அறிக்கை தந்தது. பிரெஞ்சு மட்டும் தெரிந்த உள்ளூர் விமானிக்குத் தன் மொழியில் கட்டளை கேட்பதே பாதுகாப்பு. இன்று ஐ.சி.ஏ.ஓ.வின் தலைமையகம் இருக்கும் அதே மாண்ட்ரியாலின் வானில் இரு மொழிகளும் ஒலிக்கின்றன. பொதுமொழியை வைத்துக்கொள்வதற்காக வீட்டுமொழியை வெளியேற்ற வேண்டிய அவசியம் இல்லை என்பதற்கு இது சான்று.

காகிதத்திலும் கடலிலும்

விமானத்தைப் பழுதுபார்ப்பவரின் சிக்கல் வேறு. அவர் பேசுவதில்லை, வாசிக்கிறார். 1970களின் இறுதியில் ஐரோப்பிய விமான நிறுவனங்கள் தயாரிப்பாளர்களிடம் கையேடுகளை எளிமையாக எழுதக் கேட்டன. அதில் பிறந்து 1986இல் வெளியான விதித்தொகுதி இன்று எளிய தொழில்நுட்ப ஆங்கிலம் என்ற பெயரில் உலகெங்கும் புழங்குகிறது. ஏறக்குறைய 900 பொதுச் சொற்களுக்கு அனுமதி. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள். செய்முறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக் கூடாது. ஒரு வாக்கியத்தில் ஒரு கட்டளை. இங்கே சுமை வாசிப்பவரின் தோளிலிருந்து எழுதுபவரின் தோளுக்கு மாறிவிட்டது. ஆங்கிலத்தில் நன்றாக எழுதத் தெரிந்தவர்தான் இதைப் புதிதாகப் பயில வேண்டியிருக்கிறது.

கப்பலோட்டிகளுக்காகப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2001இல் ஏற்ற சொற்றொடர்த் தொகுதி இன்னொரு வழியைக் காட்டுகிறது. பேச்சுக்கு முன்னால் அது எந்த வகை என்று அறிவித்துவிடலாம்: கட்டளை, அறிவுரை, எச்சரிக்கை, தகவல், கேள்வி, பதில், வேண்டுகோள், நோக்கம். குரலின் ஏற்ற இறக்கத்தை நம்பி 'இது கேள்வியா, கட்டளையா?' என்று ஊகிக்க வேண்டியதில்லை.

சுமை யார் தோளில்?

இதே ஆங்கிலம் அறிவியலின் பொதுமொழியும் ஆகும். அங்கே நிலைமை தலைகீழ். 2023இல் பிளாஸ் பயாலஜி இதழில் தத்சுயா அமானோ குழுவினர் எட்டு நாடுகளின் 908 சுற்றுச்சூழல் அறிவியலாளர்களை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. ஆங்கிலத்தைக் காரணம் காட்டிக் கட்டுரை நிராகரிக்கப்படுவது, அதைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்குச் சுமார் 2.5 மடங்கு அதிகம். மொழியைத் திருத்திவரச் சொல்வது 12.5 மடங்கு அதிகம். செலவு முழுவதும் ஒரு தரப்பில். இழப்போ எல்லோருக்கும். சீனாவில் பன்றிகளுக்குப் பறவைக் காய்ச்சல் தொற்றியதைச் சொன்ன ஆய்வுகள் சீன மொழி இதழ்களில் வந்ததால், 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் கண்ணில் அவை தொடக்கத்தில் படவில்லை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1924இல் டாக்கா பல்கலைக்கழகத்திலிருந்து சத்யேந்திரநாத் போஸ் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். அன்றைய இயற்பியலின் முதன்மை மொழியான ஜெர்மனில் அதை மொழிபெயர்த்துச் சைட்ஷ்ரிஃப்ட் ஃப்யூர் ஃபிசீக் இதழில் வெளிவரச் செய்தவர் ஐன்ஸ்டைனே. போஸ்-ஐன்ஸ்டைன் புள்ளியியல் உலகுக்குக் கிடைத்தது. மொழியின் மேல்தட்டில் இருந்தவர் சுமையைத் தூக்கிக்கொண்டதன் பயன் அது. அது ஒருவரின் பெருந்தன்மையாக நின்றுவிட்டது. வான்போக்குவரத்து அதையே விதியாக்க முயன்றது. இதழ்கள் மொழித் திருத்தச் செலவை ஏற்பது, ஆய்வின் தரத்தையும் மொழியின் தரத்தையும் பிரித்து மதிப்பிடுவது, ஆசிரியரின் தாய்மொழியிலும் சுருக்கத்தை வெளியிடுவது ஆகியவை நடைமுறையில் முடியாத காரியங்கள் இல்லை.

நம் வகுப்பறைகளுக்கும் இதில் சேதி உண்டு. தமிழ்நாட்டில் ஆங்கிலம் என்றால் இன்னும் உச்சரிப்பும் தடுமாறாத வேகமுமே பெருமையின் அளவுகோல். புரியாதபோது 'மறுபடி சொல்லுங்கள்' என்று கேட்கும் மாணவர் வகுப்பில் சிரிப்புக்கு ஆளாகிறார். கேட்காமல் தலையாட்டுபவர் தப்பித்துவிடுகிறார். வானில் முதலாமவர் தேர்ச்சி பெறுவார், இரண்டாமவர் தோற்பார். வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணல்களிலும் இதே கோளாறு இருக்கிறது: கேட்டதைச் சரியாகத் திருப்பிச் சொல்கிறாரா என்று யாரும் பார்ப்பதில்லை.

ஆங்கிலத்தை உலகத்தோடு பேசக் கற்கிறோம் என்றால், அந்த உலகத்தில் பெரும்பாலோர் நம்மைப்போல அதைப் பிறகு கற்றவர்கள். அவர்களுக்குப் புரியும்படி பேசுவதும், அவர்கள் சொன்னது நமக்குப் புரிந்ததா என்று சரிபார்ப்பதுமே தேவையான திறன். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஆங்கில வாய்மொழித் தேர்வை வடிவமைப்பவர்களிடம் ஒரு கோரிக்கை: கேட்டதைத் திருப்பிச் சொல்வதற்கும், ஐயத்தைக் கேட்டுத் தெளிவதற்கும், தெரியாத சொல்லுக்குப் பதிலாகத் தெரிந்த சொற்களால் விளக்குவதற்கும் மதிப்பெண்ணில் பாதியை ஒதுக்குங்கள். உச்சரிப்புக்குப் 'புரிகிறதா, இல்லையா' என்ற ஒரே அளவு போதும்.